கேஸ்வாப்டி0 ன்னு ஒரு பிராசஸ் சிபியு முழுசையும் திங்குது, யாருக்காவது தெரியுமா?

அச்சகத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். கடையில ரெண்டு சிஸ்டம், அதுல ஒண்ணு லினக்ஸ் மின்ட் 21 எக்ஸ்எஃப்சிஇ. ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்டது. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, இப்ப கொஞ்ச நாளா காலைல ஆன் பண்ணதுலேர்ந்து ஃபேன் நிக்காம கத்துது, இங்க்ஸ்கேப்ல ஒரு பத்திரிகை டிசைன் திறந்தா மவுஸ் கூட நகர மாட்டேங்குது, கஸ்டமர் பக்கத்துல நின்னு மொறைக்கிறாரு. டாப் கமாண்ட் போட்டு பாத்தா மேலேயே கேஸ்வாப்டி0 ன்னு ஒண்ணு உக்காந்திருக்கு, சிபியு 380, 390ன்னு காட்டுது. சூடோ போட்டு கில் பண்ணா உடனே போயிடுது, மெஷின் பஞ்சு மாதிரி ஆயிடுது, ஆனா ரீபூட் பண்ணா திரும்ப வந்து உக்காந்துக்குது. நெட்ல தேடுனா அது கெர்னலோட (லினக்ஸோட மையப் பகுதி) பிராசஸ், ராம் பத்தலன்னா வரும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. ஹார்டுவேர் கடைக்காரரும் இன்னொரு 8 ஜிபி போடுங்கன்னுதான் சொல்றாரு. போடலாம், ஆனா முகூர்த்த சீசன் நேரம், காசை எறியறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். இது என்னன்னு எப்படி உறுதியா கண்டுபிடிக்கிறது?

பொட்டிதட்டி:
அண்ணே பயப்படாதீங்க, கேஸ்வாப்டி0 கெர்னல் த்ரெட்தான், எல்லா லினக்ஸ்லயும் இருக்கும். ஃப்ரீ மெமரி ஒரு அளவுக்கு கீழ போச்சுன்னா அது முழிச்சுக்கிட்டு யூஸ் ஆகாத மெமரி பக்கங்களை ஸ்வாப்புக்கு (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல ஒதுக்கி வைக்கற இடம்) தள்ளும், கேஷ்ல இருக்கறதை காலி பண்ணும். கடைசில இருக்கற 0 மெமரி நோடோட நம்பர், வீட்டு மெஷின்ல ஒரே நோடுதான். இங்க்ஸ்கேப்பும் ப்ரவுசரும் சேர்ந்தா 8 ஜிபி பத்தாதுதான். ஸ்வாப்பினஸ் (ஸ்வாப்புக்கு எவ்வளவு தாராளமா தள்ளணும்ங்கற செட்டிங்) டீஃபால்டா 60 இருக்கும், அதை 10 ஆக்கிப் பாருங்க, சரியாகலன்னா ராம் போட்டுடுங்க. லினக்ஸ் டெஸ்க்டாப்ல வைரஸ் வர்றது கம்மிதான், அந்த பயம் வேணாம்.

கருப்புத்திரை:
பொட்டிதட்டி சொன்ன விளக்கம் ஒரிஜினல் கேஸ்வாப்டி0க்கு சரி. ஆனா அச்சகத்தான் அண்ணன் எழுதுனதை இன்னொரு தடவை படிங்க, அதுலயே ரெண்டு இடம் உதைக்குது.

ஒண்ணு, 380 பர்சென்ட். டாப்ல 100ன்னா ஒரு கோர் முழுசா. கேஸ்வாப்டி0 ஒத்த த்ரெட், ஒரு நேரத்துல ஒரு கோர்லதான் ஓட முடியும், எவ்வளவு திணறுனாலும் 100ஐ தாண்டாது. நாலு கோரையும் ஒண்ணா திங்குதுன்னா அது நாலு த்ரெட் வச்சிருக்கற சாதாரண புரோகிராம். ரெண்டாவது, கில் பண்ணா போகுதுங்கறீங்க. கெர்னல் த்ரெட்டுக்கு ரூட்டா (முழு அதிகாரம் உள்ள யூசர்) இருந்து கில் -9 அனுப்புனாலும் அது காதுலயே வாங்காது. ஆக, அந்த பேர்ல வேற ஏதோ ஒண்ணு உள்ள இருக்கு.

பேரை நம்பாதீங்க. ஃபைலுக்கு என்ன பேர் வேணா வைக்கலாம், அதுவும் போக ஒரு புரோகிராம் ஓடும்போதே தன் பேரை மாத்திக்கலாம், அதுக்கு ரூட் பர்மிஷன் கூட வேணாம். பாக்க வேண்டியது வேற. நான் போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், கமாண்டை எல்லாம் நீங்க இங்கிலீஷ்ல மாத்திக்கோங்க.

முதல்ல அதை கில் பண்ணாதீங்க. கில் பண்ணா அதோட சுவடும் சேர்ந்து போயிடும். அதுக்கு பதிலா கில்லுக்கு -ஸ்டாப் ஆப்ஷன் குடுத்து பிஐடியை (டாப்ல காட்டற பிராசஸ் நம்பர்) போடுங்க. பிராசஸ் அப்படியே உறைஞ்சு நிக்கும், சிபியு எடுக்காது, ஆனா உள்ள இருக்கற எல்லா விவரமும் அப்படியே இருக்கும், நிதானமா பாக்கலாம்.

அப்புறம் பிஎஸ் கமாண்டுல யூசர், பிஐடி, பிபிஐடி (அதை கிளப்பி விட்ட அப்பன் பிராசஸோட நம்பர்), ஆர்எஸ்எஸ் (எடுத்திருக்கற மெமரி), ஆர்க்ஸ் (பேரும் கமாண்டும்) இந்த அஞ்சு காலமும் வர்ற மாதிரி லிஸ்ட் எடுத்து கேஸ்வாப்டின்னு க்ரெப் பண்ணுங்க. நிஜ கெர்னல் த்ரெட்டா இருந்தா யூசர் ரூட், பிபிஐடி 2 (அந்த 2 தான் கேத்ரெட்டி, கெர்னல் த்ரெட் எல்லாத்துக்கும் அப்பன்), மெமரி 0, பேரும் சதுர அடைப்புக்குறிக்குள்ள வரும். அடைப்புக்குறி மட்டும் இருக்குன்னு விட்டுடாதீங்க, அதையும் போலியா போட்டுக்கற ஆளுங்க இருக்காங்க. பிபிஐடியை போலி பண்றது அவ்வளவு சுலபம் இல்ல.

கடைசியா, எது ஓடுதுன்னு நேரா கெர்னலையே கேக்கறது. ஸ்லாஷ் ப்ராக் ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு பிஐடிக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள எக்ஸ்இ ன்னு ஒரு லிங்க். சூடோ போட்டு எல்எஸ் -எல் அடிச்சா அது எந்த ஃபைலை காட்டுதோ அதுதான் நிஜமா ஓடற புரோகிராம். கெர்னல் த்ரெட்டுக்கு ஃபைலே கிடையாது, அதனால அந்த லிங்க் எங்கேயும் போகாது. அதே இடத்துல சிடபிள்யூடின்னு ஒரு லிங்க் இருக்கும், எந்த ஃபோல்டர்ல நின்னு ஓடுதுன்னு அது சொல்லும். ரெண்டையும் பாத்து இங்க எழுதுங்க.

பொட்டிதட்டி:
380ஐ நான் சரியா கவனிக்கல, கருப்புத்திரை சொல்றது கரெக்ட். அண்ணே, அதே பிஐடியை சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்னு போட்டு அதுக்கு பின்னாடி குடுத்து பாருங்க, சர்வீஸ் பேர் தெரியலன்னாலும் பிஐடி நம்பர் குடுத்தா எந்த சர்வீஸ் அதை கிளப்பி விட்டுச்சுன்னு மரம் மாதிரி காட்டும். ஹெச்டாப் இருந்தா எஃப்5 அழுத்துனாலும் அப்பா புள்ளை உறவு தெரியும், ஆனா ஹெச்டாப்ல கெர்னல் த்ரெட் மறைஞ்சிருந்தா பெரிய கே அழுத்தி வெளிய கொண்டுவரணும்.

அச்சகத்தான்:
தம்பிகளா கை நடுங்குது. ஒரே பேர்ல ரெண்டு இருக்கு!

ஒண்ணு ரூட், பிபிஐடி 2, மெமரி 0, பிஐடி ரெண்டு டிஜிட்டுதான், அடைப்புக்குறி இருக்கு. இன்னொண்ணு யூசர் ஸ்கேன், பிபிஐடி 1, மெமரி 2.3 ஜிபி கிட்ட. எக்ஸ்இ லிங்கை பாத்தா ஹோம், அதுக்குள்ள ஸ்கேன், அதுக்குள்ள புள்ளி வச்ச கான்ஃபிக்ஆர்சி5 ன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஏ, அதுக்குள்ள கேஸ்வாப்டி0. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்ல க்ரான் சர்வீஸ்னு காட்டுது. அதே மரத்துல ஆர்சிங்க்னு இன்னொண்ணும் தொங்குது, நான் பேக்கப் எதுவும் எடுக்கலையே, அதோட எக்ஸ்இ லிங்க் பெர்ல்னு போகுது.

ஸ்கேன்ங்கற யூசர் யாருன்னு யோசிச்சேன். ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் பண்ற ஃபைல் நேரா இந்த கம்ப்யூட்டருக்கு வர்ற மாதிரி மெஷின் செட் பண்ண வந்தவரு ஒரு யூசர் போட்டுக் குடுத்தாரு, எஸ்எஃப்டிபி வழியான்னு சொன்னாரு. பாஸ்வேர்டும் ஸ்கேன்தான். ஏதாவது பிரச்சனைன்னா எங்கேர்ந்து வேணா வந்து பாத்துக்கறேன்னு ரவுட்டர்லயும் ஏதோ போர்ட் திறந்து வச்சுட்டு போனாரு.

கருப்புத்திரை:
பேரும் ஸ்கேன், பாஸ்வேர்டும் ஸ்கேன், வெளிய திறந்த 22ஆம் போர்ட், அதாவது தூரத்துலேர்ந்து மெஷினுக்குள்ள வர்ற எஸ்எஸ்ஹெச் வழி. வேற என்ன வேணும்.

அண்ணே, இது கிரிப்டோ மைனர், உங்க சிபியுவை வச்சு அடுத்தவன் டிஜிட்டல் காசு தோண்டற புரோகிராம். புள்ளி வச்ச கான்ஃபிக்ஆர்சி ஃபோல்டர், உள்ள ஏ, பி ன்னு ரெண்டு, ஏ ல கேஸ்வாப்டி0 பேர்ல மைனர், பி ல ஆர்சிங்க் பேர்ல ஒரு பெர்ல் பாட் (பெர்ல் மொழில எழுதுன, வெளியேர்ந்து ஆட்டி வைக்கற புரோகிராம்). இந்த ஜோடி அவுட்லாங்கற கூட்டத்தோடது, ட்ரெண்ட் மைக்ரோங்கற செக்யூரிட்டி கம்பெனி 2018ல இதைப் பத்தி எழுதுனாங்க, இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. எஸ்எஸ்ஹெச் திறந்திருக்கற மெஷினா தேடி, சுலபமான யூசர் பேரும் பாஸ்வேர்டும் மாத்தி மாத்தி அடிச்சுப் பாப்பாங்க, ஏதாவது ஒண்ணு திறந்துச்சுன்னா உள்ள இறங்கிடுவாங்க. ஆளே கிடையாது, எல்லாம் ஸ்க்ரிப்ட், உங்க கடைன்னு தெரிஞ்சு வந்தது இல்ல.

அந்த 2.3 ஜிபிக்கும் கணக்கு ஒத்துப்போகுது. இவங்க தோண்டறது மொனேரோங்கற கிரிப்டோ காசு. அது 2019 நவம்பர்லேர்ந்து ராண்டம்எக்ஸ்னு ஒரு முறைக்கு மாறிடுச்சு, சாதாரண சிபியுல ஓடணும்னே செஞ்சது, வேகமா ஓட 2 ஜிபிக்கு மேல ஒரு டேபிளை மெமரில வச்சிருக்கும். போலி கேஸ்வாப்டி0 ராமை புடுங்குனதால நிஜ கேஸ்வாப்டி0க்கும் வேலை கூடியிருக்கும், அதான் இங்க்ஸ்கேப் அந்த பாடு பட்டுருக்கு.

இப்ப செய்ய வேண்டியது. முதல்ல லேன் கேபிளை புடுங்குங்க. அந்த பெர்ல் பாட் வெளியேர்ந்து வர்ற கட்டளைக்கு காத்துக்கிட்டு இருக்கறது, மைனரை விட அதுதான் எனக்கு பயம். ரெண்டையும் ஸ்டாப் பண்ணுங்க. ஃபைலை வச்சுப் பாக்கணும்னு ஆசை இருந்தா எக்ஸ்இ லிங்க்லேர்ந்தே பென் டிரைவுக்கு காப்பி எடுக்கலாம், ஒரிஜினல் ஃபைலை அவன் அழிச்சிருந்தாலும் பிராசஸ் உயிரோட இருக்கற வரைக்கும் அந்த லிங்க் வழியா காப்பி வரும். அந்த பென் டிரைவை கஸ்டமருக்கு குடுத்துடாதீங்க சாமி.

அடுத்து ஸ்கேன் யூசரோட க்ரான்டாப்பை (க்ரான் சர்வீஸ் தானா கிளப்பி விட வேண்டிய வேலைகளோட லிஸ்ட்) பாருங்க, க்ரான்டாப் -யு ஸ்கேன் -எல். அட் ரீபூட்னு ஆரம்பிக்கற வரி இருக்கும், ரீபூட் பண்ணா திரும்ப வர்றது அதனாலதான். டெம்ப் ஃபோல்டர்ல எல்எஸ் -லா போடுங்க, புள்ளி எக்ஸ்11 யூனிக்ஸ் ங்கறது நல்லது, டெஸ்க்டாப்புக்கு வேணும், அதுக்கு பக்கத்துலயே புள்ளி எக்ஸ்25 யூனிக்ஸ் மாதிரி ஒண்ணு இருந்தா அது இவனோடது, பாத்தா தெரியக்கூடாதுன்னே அந்த பேர். ஸ்கேன் ஹோம்ல எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர்ல ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை திறங்க, கடைசில கெட்ட வார்த்தையை உயிரெழுத்து இல்லாம சுருக்கி எழுதுன மாதிரி ஒரு பேரோட கீ (பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள விடற சாவி) இருக்கும். அதை விட்டுட்டு பாஸ்வேர்டை மட்டும் மாத்துனா ஒரு பிரயோஜனமும் இல்ல, அவன் கீயை வச்சு உள்ள வந்துடுவான்.

எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு சொல்லுங்க, ஸ்கேன் யூசர் சூடோ குரூப்ல (ரூட் வேலை செய்ய அனுமதி உள்ளவங்க) இருக்கா? ஐடி ஸ்கேன்னு அடிச்சா தெரியும்.

யாழ்_பெங்குயின்:
நடுவில வாறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு இதே பயம் வேற மாதிரி வந்தது, அச்சகத்தான் அண்ணைக்கு நேர் எதிர். உபுண்டு 22.04, க்னோம். டாப்பில "ட்ராக்கர்-மைனர்-எஃப்" எண்டு ஒண்டு சிபியுவை பிடிச்சுக்கொண்டு நிக்குது. மைனர் எண்டு கண்ட உடன எனக்கு தலை சுத்திப்போச்சு, பிட்காயின்காரன் வந்திட்டான் எண்டு வைஃபையை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். பேரும் பாதியில வெட்டுப்பட்டு நிக்க இன்னும் சந்தேகம். பிறகுதான் தெரிஞ்சது, கெர்னல் அந்த குட்டிப் பேருக்கு 15 எழுத்துக்கு மேல வச்சிருக்காது, முழுப்பேர் ட்ராக்கர்-மைனர்-எஃப்எஸ்-3. டாப்பில சின்ன சி அமத்தினா முழு கமாண்டும் வரும்.

இதுவும் என்ர யூசர் பேரிலதான் ஓடினது, ரூட் இல்லை. ஆனா எக்ஸ்இ லிங்க் யூஎஸ்ஆர் லிப்எக்ஸெக் ஃபோல்டருக்கு போகுது, அந்த பாதையை டிபிகேஜி -பெரிய எஸ் க்கு குடுத்தா ட்ராக்கர்-மைனர்-எஃப்எஸ் எண்ட பேக்கேஜ் எண்டு பதில் வருது. ஃபைல்களை தேட வசதியா இண்டெக்ஸ் எடுக்கிற சாமான், க்னோமோடயே வாறது. நான் அண்டைக்குத்தான் பழைய ஹார்ட் டிஸ்கில இருந்த ஃபோட்டோ எல்லாத்தையும் பிக்சர்ஸ் ஃபோல்டருக்கு கொட்டினனான், பாவம் அது அதை வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கு. செட்டிங்ஸில சேர்ச் லொகேஷன்ஸ் எண்டு இருக்கு, அதில வேண்டாத ஃபோல்டரை எடுத்துவிட்டா சரி.

எனக்கு ஒரு கேள்வி, டிபிகேஜி பேக்கேஜ் பேர் சொன்னா அதை முழுசா நம்பலாமோ?

கருப்புத்திரை:
பெங்குயின், பாதி நம்பலாம். டிபிகேஜி -பெரிய எஸ், அந்த பாதை எந்த பேக்கேஜோடதுன்னு மட்டும்தான் சொல்லும், உள்ள இருக்கற ஃபைல் இன்னும் ஒரிஜினலான்னு சொல்லாது. அதுக்கு டிபிகேஜி -பெரிய வி போட்டு பேக்கேஜ் பேர் குடுக்கணும், எல்லாம் சரியா இருந்தா ஒண்ணுமே பேசாம திரும்பிடும், மாறியிருந்தா அந்த ஃபைல் பேர் வரும். ரூட் கையில கிடைச்சவன் அந்த கணக்கையும் சேர்த்து மாத்திட முடியும், அதனால ரூட் போயிடுச்சுன்னு தெரிஞ்ச மெஷின்ல இந்த செக்கெல்லாம் வேஸ்ட். இன்னொண்ணு, உபுண்டுல சில பழைய பேக்கேஜ் ஃபைலை பின் ஃபோல்டர்னே பதிஞ்சு வச்சிருக்கும், நீங்க யூஎஸ்ஆர் பின்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லும், முன்னாடி இருக்கற யூஎஸ்ஆரை எடுத்துட்டு கேளுங்க, பதறிடாதீங்க. ஃபெடோராக்காரங்க ஆர்பிஎம் -க்யூஎஃப், ஆர்ச்ல பேக்மேன் -பெரிய க்யூ, சின்ன ஓ.

எந்த பேக்கேஜுக்கும் சொந்தமில்லாம, ஹோம்லயோ டெம்ப்லயோ புள்ளி வச்ச ஃபோல்டர்லேர்ந்து ஓடுதுன்னா நான் முதல்ல சந்தேகப்படுவேன். அதுக்காக ஹோம்லேர்ந்து ஓடறதெல்லாம் திருட்டுன்னு இல்ல, ஆப்இமேஜ், ஸ்டீம் கேம், பைத்தான் என்விரான்மென்ட் எல்லாம் அங்கேர்ந்துதான் ஓடும்.

அச்சகத்தான்:
கேபிளை புடுங்கிட்டேன், பசங்க போன் ஹாட்ஸ்பாட்லதான் இதை அடிக்கிறேன்.

நீங்க சொன்னது எல்லாமே அப்படியே இருக்கு, ஜோசியம் பாத்த மாதிரி. க்ரான்டாப்ல நாலு வரி, டெம்ப்ல அந்த 25 ஃபோல்டர், கீ ஃபைல்ல அந்த அசிங்கமான பேர். ஐடி ஸ்கேன் போட்டா ஸ்கேன் குரூப் மட்டும்தான் வருது, சூடோ இல்ல. ஆத் லாக்ல ஸ்கேன் பேர்ல அக்செப்டட் பாஸ்வேர்டுன்னு ஒரு வரி, நடுராத்திரி நேரம், எங்க ஏரியா ஐபி இல்ல. அதுக்கு மேல ஃபெயில்டு பாஸ்வேர்டுன்னு பக்கம் பக்கமா போகுது, அட்மின், போஸ்ட்கிரெஸ், டெஸ்ட்னு ஊர்ல உள்ள பேரெல்லாம் போட்டு அடிச்சிருக்கான்.

ஆனா ரீஇன்ஸ்டால் மட்டும் இப்ப சொல்லாதீங்க. பத்திரிகை ஆர்டர் கையில கிடக்கு, ஃபான்ட் எல்லாம் தேடித்தேடி போட்டது.

பொட்டிதட்டி:
என்னைக் கேட்டா ரீஇன்ஸ்டால்தாண்ணே. ஒரு தடவை உள்ள வந்தவன் எங்க எதை வச்சுட்டுப் போனான்னு யாருக்குத் தெரியும். ஹோமை பேக்கப் எடுத்துட்டு மின்ட் போட ஒரு மணி நேரம்.

கருப்புத்திரை:
ரூட் போயிருந்தா நானும் அதைத்தான் சொல்வேன், பேச்சே கிடையாது. இங்க சூடோ இல்லாத யூசர், க்ரான் வரி அந்த யூசரோடது, ஃபைல் எல்லாம் அவனோட ஹோம்லயும் டெம்ப்லயும். சீசன் முடியற வரைக்கும் சுத்தம் பண்ணி ஓட்டலாம், முடிஞ்சதும் புதுசா போட்டுடுங்க. உள்ளூர் ஓட்டை எதையாவது வச்சு ரூட் ஆகியிருக்க வாய்ப்பே இல்லைன்னு என்னால கையெழுத்து போட முடியாது.

பண்ற வரிசை முக்கியம். முதல்ல ஸ்கேன் யூசரோட க்ரான்டாப்பை -ஆர் போட்டு அழிங்க, அப்புறம் பிகில் -9 -யு ஸ்கேன், அந்த பேர்ல ஓடற மொத்தமும் போயிடும். இதை மாத்தி பண்ணா நடுவுல க்ரான் திரும்ப கிளப்பி விட்டுடும். பின்னாடி ஃபைண்ட் கமாண்டுல -யூசர் ஸ்கேன் குடுத்து டிஸ்க் முழுக்க தேடி அவன் பேர்ல இருக்கறதை அழிங்க, அதுல கஸ்டமரோட ஸ்கேன் ஃபைலும் இருக்கும், முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. யூசர்டெல் -ஆர் போட்டு யூசரையே எடுத்துடுங்க. சந்தேகத்துக்கு எட்சி பாஸ்டபிள்யூடி ஃபைல்ல 0 நம்பர் யூசர் ரூட்டை தவிர வேற யாராவது இருக்காங்களான்னும், எட்சில எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட்னு ஃபைல் இருக்கான்னும் பாருங்க. அந்த ஃபைல் சாதாரண டெஸ்க்டாப்ல இருக்காது, இருந்தா பிஎஸ், டாப் காட்டறதையே மறைக்கற வேலை நடந்திருக்கலாம், அப்ப சீசனாவது ஒண்ணாவது, துடைச்சுட்டு போடுங்க.

ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டை எடுங்க, ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாத்துங்க. மின்ட்ல எஸ்எஸ்ஹெச் சர்வர் தானா வராது, அவர் போட்டதாத்தான் இருக்கும். ஜெராக்ஸ் மெஷினுக்கு எஸ்எஃப்டிபி வேணும்னா வேற பேர்ல யூசர், நீளமான பாஸ்வேர்டு, எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்ல அலவ் யூசர்ஸ் வரில அந்த யூசர் பேர், அட் குறி, உங்க கடை நெட்வொர்க் 192.168.1 னு ஆரம்பிச்சா அதுக்கு பின்னாடி புள்ளி, ஸ்டார். கடைக்குள்ளேர்ந்து மட்டும்தான் அப்புறம் உள்ள விடும். அந்த இன்னொரு சிஸ்டத்துலயும் இதே மாதிரி ஸ்கேன் யூசர் போட்டிருக்காரான்னு பாத்துடுங்க.

அச்சகத்தான்:
அது விண்டோஸ், அதுல ஷேர் ஃபோல்டர்தான், அதையும் ஒரு கண்ணு பாத்துக்கறேன்.

எல்லாம் முடிச்சாச்சு. ப்ரீலோட் ஃபைல் இல்ல, 0 நம்பர்ல ரூட் மட்டும்தான். ரீபூட் பண்ணியும் வரல, ஃபேன் சத்தமே இல்ல, கடைப்பையன் சிஸ்டம் ஆஃப் ஆயிடுச்சான்னு கேக்கறான். மெஷின் போட்டவருக்கு போன் அடிச்சேன், அவரு எல்லா கடையிலயும் இப்படித்தான் சார் போட்டிருக்கேன்னு சொல்றாரு! மத்த கடைக்காரங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நிஜமான கேஸ்வாப்டி0 இப்பவும் பெரிய பிடிஎஃப் திறக்கும்போது லேசா மேல வந்துட்டு போகுது, 5, 6 பர்சென்ட். அப்ப ராம் போடணுமா வேணாமா?

பொட்டிதட்டி:
விஎம்ஸ்டாட் 1 னு அடிச்சு ஓட விட்டுட்டு வழக்கமா பண்ற வேலையை பண்ணுங்கண்ணே. எஸ்ஐ, எஸ்ஓ ன்னு ரெண்டு காலம் வரும், ஸ்வாப்லேர்ந்து உள்ள வர்றதும் வெளிய போறதும். ஃபைல் திறக்கும்போது ஒரு தடவை நம்பர் வந்துட்டு மறுபடி 0 ஆச்சுன்னா ஒண்ணும் பிரச்சனையில்ல, அது கேஷை ஒதுக்கி இடம் பண்ணுது. வேலை பாக்கற நேரம் முழுக்க ரெண்டு காலத்துலயும் நம்பர் ஓடிக்கிட்டே இருந்தா 8 ஜிபி பத்தல. 2.3 ஜிபி திரும்ப கையில வந்திருக்கு, எனக்கென்னமோ இப்போதைக்கு வேணாம்னுதான் தோணுது. ஸ்வாப்பினஸ் 10 ஆக்க சொன்னேனே, அதை மாத்தியிருந்தா பழையபடி 60க்கே விட்டுடுங்க.